கினெக்ட், மூவ் விற்பனைக் கணக்கில் ஒரு திருத்தம்

பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

உடலசைவால் இயக்கும் விளையாட்டுச் சாதனங்கள் பற்றித் தங்கள் ஞாயிறு இதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். 2010ஆம் ஆண்டு சோனி நிறுவனம் தனது வீட்டு விளையாட்டு இயந்திரமான (கொன்சோல்) பிளேஸ்டேஷன் 3க்காக வெளியிட்ட மூவ் கைக்கருவியும், மைக்ரோசொப்ட் நிறுவனம் தனது கொன்சோலான எக்ஸ்பொக்ஸ் 360க்காக வெளியிட்ட, கையில் எதுவும் பிடிக்காமல் உடலசைவையே பார்த்து இயங்கும் கினெக்ட் கமராவும் ஒரே பருவத்தில் சந்தைக்கு வந்தபோது, எது கூடுதலாக விற்கும் என்பதைக் கணக்குத் தெரிந்த எவரும் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம் என்றும், எண்ணிக்கையில் முந்திய கினெக்ட்டே அந்தப் போட்டியில் வென்றது என்றும் கட்டுரையாளர் எழுதியிருந்தார். போதாததற்கு, இனி வரவிருக்கும் இத்தகைய துணைக்கருவிகளின் அடுத்த ஆண்டு விற்பனை பற்றியும் இறுதிப் பந்தியில் எதிர்வுகூறியிருந்தார். அக்காலத்தில் கொழும்பு பம்பலப்பிட்டியில் ஒரு கேம் கடையில் கணக்கையும் கொள்வனவையும் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். இவ்வாறான எதிர்வுகூறல்களை நம்பிச் சாமான் இறக்கிக் கையைச் சுட்டுக்கொண்டவர்களில் ஒருவன் என்ற முறையில், அந்த இரண்டு கூற்றுகளையும் மறுத்து எழுத விரும்புகின்றேன்.

முதலில், முன்கூட்டியே சொல்லியிருக்கலாம் என்பதைப் பார்ப்போம். கினெக்ட் 2010 நவம்பர் 4ஆம் திகதி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் 30 இலட்சம் விற்கும் என்றே மைக்ரோசொப்ட் முதலில் கருதியிருந்தது. வெளியீட்டை ஒட்டி அந்த எண்ணை 50 இலட்சமாக உயர்த்தியது. நடந்ததோ வேறு. முதல் 60 நாட்களில் 80 இலட்சம் என்று அறிவிக்கப்பட்டு, மிக வேகமாக விற்ற நுகர்வோர் மின்னணுச் சாதனம் என்ற கின்னஸ் சாதனையும் அதற்குக் கிடைத்தது. அதாவது, சாதனத்தைச் செய்தவர்கள், கடைகளிடமிருந்து வந்த முன்பதிவுகளைக் கையில் வைத்திருந்தவர்கள், தாங்களே போட்ட முதற் கணக்கில் பாதிக்கு மேல் தவறினார்கள். அவர்களுக்கே பிடிபடாத ஒன்று வெளியிலிருந்து பார்த்தவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கும் என்பது நடந்து முடிந்த பின் வரும் தெளிவு.

அன்றைய நிலையில் நின்று பார்த்தால், மூவ் முந்தும் என்று நினைத்தவர்களை மடையர்கள் என்று சொல்ல முடியாது. கினெக்ட்டின் விலை ஏறத்தாழ 150 அமெரிக்க டொலர். அன்றைய நாணயமாற்று வீதத்தில் பெட்டியின் விலை மட்டுமே 16,000 ரூபாயைத் தாண்டியது, அதற்கு மேல்தான் விமானக் கூலியும் கடைக்காரரின் இலாபமும். மூவ் கைக்கருவி 50 டொலர், அதனோடு வேண்டிய கமரா 40 டொலர். விளையாட்டு ஒன்றும் சேர்ந்த முழுப் பெட்டி 100 டொலர். கமரா ஏற்கெனவே வைத்திருந்தவருக்கு 50 டொலரோடு வேலை முடிந்தது. அத்துடன் மூவின் நுனியில் இருந்த ஒளிரும் மென்பந்து கமராவின் கண்ணுக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைக் கொண்டு கை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கருவி கணித்துக்கொள்ளும். எளிய உத்திதான், ஆனால் துல்லியமானது. கையில் பிடிக்க ஒன்றும் இல்லாமல் துவக்குச் சண்டை விளையாட முடியுமா என்று எங்கள் கடைக்கு வந்த பொடியன்மார் கேட்டதும் நியாயமான கேள்வியே. அந்த வருடக் கடைசியில் எங்கள் முதலாளி இரண்டையும் சரிபாதியாக வரவழைக்கலாம் என்றுதான் இருந்தார். சனவரியில் 80 இலட்சம் என்ற செய்தி எல்லாப் பக்கமும் வந்த பிறகு, கினெக்ட்டைக் கூட்டி மூவைக் குறைக்கும்படி டுபாய் வியாபாரிக்குச் சொல்லியனுப்பினார். அந்த ஓடரை என் கையால் எழுதியவன் நான்.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். 2010 நவம்பர் முடிவில் சோனி அறிவித்த 41 இலட்சம் என்ற எண்ணையும், சனவரியில் மைக்ரோசொப்ட் அறிவித்த 80 இலட்சத்தையும் கட்டுரையாளர் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டிருந்தார். திகதி வேறு என்பது ஒருபுறமிருக்க, சோனியின் எண் கடைகளுக்கு அனுப்பப்பட்ட பெட்டிகளின் எண். கடைக்கு அனுப்பியது, கடையிலிருந்து வீட்டுக்குப் போனது, கொன்சோலோடு கட்டிக் கொடுத்தது என மூன்றும் மூன்று கணக்கு என்பது தட்டில் சாமான் தூசி படிவதைப் பார்த்த எந்தக் கடைக்காரருக்கும் தெரியும். மேலும் ஒரு வீட்டுக்கு ஒரு கினெக்ட் போதும். நான்கு பேர் விளையாடும் வீட்டில் மூவ் நான்கு வேண்டும், சில விளையாட்டுகளில் ஒருவருக்கே இரண்டு வேண்டும். ஆகவே ஒன்றுக்கு ஒன்று என்று வைத்து ஒப்பிடுவது, பாயையும் தலையணையையும் எண்ணிப் பார்த்து எந்த வீட்டில் ஆட்கள் அதிகம் என்று தீர்ப்பது போன்றது. எங்கள் நாட்டுக் கணக்கோ எந்தப் பட்டியலிலும் இல்லை. கொழும்புக்கு இச்சாதனங்கள் பெரும்பாலும் டுபாயிலும் சிங்கப்பூரிலும் உள்ள மொத்த வியாபாரிகள் வழியாகவே வந்தன. இங்கே விற்றாலும் விற்காவிட்டாலும் அவை அங்கேயே விற்றவையாகிவிட்டன.

கட்டுரையாளர் ஓரிடத்திலும் தொடாத விடயம் ஒன்று உண்டு. அது வீட்டு அறை. 2011ஆம் ஆண்டின் தொடக்கத்தில், எங்களிடம் கினெக்ட் வாங்கிய ஒருவர் அது பழுதான சாமான் என்று தொலைபேசியில் கோபித்துக்கொண்டார். மாற்றுப் பெட்டியொன்றைத் தூக்கிக்கொண்டு ஓட்டோவில் வெள்ளவத்தைக்குப் போனேன். கடலைப் பார்த்த தொடர்மாடி வீடு. மாலை ஐந்தரை மணி இருக்கும். மேற்கு ஜன்னல் வழியாக வெயில் நேரே அறைக்குள் விழுந்துகொண்டிருந்தது. கினெக்ட், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகளை அறையெங்கும் இறைத்து, அவை எங்கெங்கே எப்படி விழுகின்றன என்பதைப் பார்த்தே தூரத்தை அளக்கும் கருவி. நேர்வெயிலில் அந்தப் புள்ளிகள் கரைந்துவிடும். திரைச்சீலையை இழுத்து மூடினோம்; பாதிப் பழுது தீர்ந்தது. அடுத்தது இடம். ஒருவர் விளையாட ஏறத்தாழ ஆறு அடி, இருவர் விளையாட எட்டு அடி விலகி நிற்க வேண்டும் என்பது நிறுவனத்தின் அறிவுரை. அந்த வீட்டில் தொலைக்காட்சிக்கும் செற்றிக்கும் இடையே ஐந்தடிகூட இல்லை. செற்றியைச் சுவரோடு தள்ளி, சிறிய மேசையைத் தூக்கி பல்கனியில் வைத்து, சாப்பாட்டு மேசைக் கதிரைகளை அறைக்குள் அடுக்கிய பிறகுதான் திரையில் ஆள் உருவம் தோன்றியது. வீட்டுக்காரர் சாரம் கட்டியிருந்தார். இரண்டு கால்களையும் பிரித்து அறிய முடியாமல் திரையிலிருந்த உருவத்தின் கால்கள் நடுங்கின. அவர் காற்சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். எல்லாம் சரி என்று நான் வியர்வையைத் துடைத்த நேரத்தில், அவருடைய தாயார் தேநீர்த் தட்டோடு குறுக்கே நடந்துவர, விளையாட்டு அவரை இரண்டாவது ஆட்டக்காரராகச் சேர்த்துக்கொண்டது. “ஐயோ தம்பி, என்னையும் உதுக்குள்ள எடுத்துப்போட்டுதோ?” என்று அவர் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார்.

பழுதென்று சொல்லப்பட்ட பெட்டியில் ஒரு பழுதும் இல்லை. ஆனால் ஒவ்வொரு மாலையும் செற்றியைத் தள்ளி விளையாடும் பொறுமை யாருக்கும் இராது. இரண்டு வாரங்களில் அவர் அதைத் திருப்பிக் கொண்டுவந்தார். பாதி விலைக்கு எடுத்துக்கொண்டோம். கொழும்பில் மட்டுமல்ல, இட நெருக்கடியுள்ள பல நகரங்களில் இதே சிக்கல் இருந்திருக்க வேண்டும். கினெக்ட்டின் முன் பொருத்தி, நிற்கும் தூரத்தைக் குறைக்கும் வில்லையொன்றை வேறொரு நிறுவனம் தனியாக விற்கும் அளவுக்கு அது போனது. மூவுக்கு இந்தத் தொல்லை குறைவு. பந்து கமராவின் கண்ணில் பட்டால் போதும், சாரமோ பாவாடையோ அதற்குப் பொருட்டில்லை. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வீடுகளின் நீள அகலத்தைத் தெரிந்து ஓடர் எழுதியிருந்தால் நாங்கள் முதலாளியின் கணக்கைத் தலைகீழாக எழுதியிருப்போம். (கொப்பி டிஸ்க், அதாவது திருட்டுப் பிரதி, ஓடுவதற்காக மாற்றப்பட்ட எக்ஸ்பொக்ஸ்களை வைத்திருந்தவர்கள், கினெக்ட்டுக்கு வேண்டிய மென்பொருள் புதுப்பிப்பைச் செய்யப் பயந்தது இன்னொரு கதை. அதையும் எந்த எதிர்வுகூறலும் கணக்கில் எடுத்ததில்லை.)

இப்போது வெற்றி என்பதைப் பற்றி. துணைக்கருவி ஒன்றின் ஆயுளைத் தீர்மானிப்பது அது மொத்தம் எத்தனை விற்றது என்பதைவிட, அந்தக் கொன்சோலை வைத்திருப்பவர்களில் எத்தனை பேரிடம் அது இருக்கிறது என்பதே. 2006இல் வந்த நின்டெண்டோ வீ கொன்சோலின் அசைவுக் கைக்கருவி பெட்டிக்குள்ளேயே இருந்தது. வீ வாங்கிய அத்தனை பேரிடமும் அது இருந்ததால், விளையாட்டு எழுதுபவர் தயக்கமின்றி அதற்காகவே எழுதலாம். கினெக்ட்டின் நிலை அப்படியல்ல. 2013 பெப்ரவரியில் மைக்ரோசொப்ட் சொன்ன கணக்கின்படி எக்ஸ்பொக்ஸ் 360 7 கோடி 60 இலட்சம், கினெக்ட் 2 கோடி 40 இலட்சம். மூன்று வீட்டில் ஒரு வீடு. மீதி இரண்டு வீட்டுக்காரரை விட்டுவிட்டு எவர் பெருஞ்செலவில் விளையாட்டு எழுதுவார்? விளையாட்டு வராததால் வாங்கியவர்களும் தூக்கி வைத்தார்கள். இதை உணர்ந்துதான் போலும், 2013 நவம்பரில் வந்த அடுத்த கொன்சோலான எக்ஸ்பொக்ஸ் வண்ணோடு கினெக்ட்டைக் கட்டாயமாகக் கட்டிக் கொடுத்தார்கள்; விலை 499 டொலர். அதே மாதம் வந்த பிளேஸ்டேஷன் 4 399 டொலர். அந்த நூறு டொலர் வித்தியாசத்தைத் தாங்க முடியாமல், 2014 யூனில் கினெக்ட் இல்லாத பெட்டியை 399 டொலருக்கு விற்கத் தொடங்கினார்கள். 2017 ஒக்டோபரில் உற்பத்தி நிறுத்தப்பட்டது அறிவிக்கப்பட்டது. முதற் கினெக்ட்டின் ஆழம் அளக்கும் நுட்பத்தை வழங்கிய பிரைம்சென்ஸ் நிறுவனத்தை 2013இல் அப்பிள் வாங்கியிருந்தது. உற்பத்தி நின்ற அதே 2017இல் முகத்தைப் பார்த்துத் திறக்கும் ஐபோன் வந்தது.

தோற்றதாகச் சொல்லப்படும் மூவுக்கு என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். 2012இல் எங்கள் தட்டில் மீந்திருந்த மூவ்களைக் கொள்விலைக்கே கழித்துவிட்டோம். 2016 ஒக்டோபரில் சோனி தனது மெய்நிகர் தலைக்கவசத்தை பிளேஸ்டேஷன் 4க்காக வெளியிட்டபோது, கையில் பிடிக்கப் புதிதாக ஒன்றைச் செய்யாமல் ஆறு வருடப் பழைய மூவையே எடுத்துக்கொண்டது. பழைய பிளேஸ்டேஷன் 3க்கென வாங்கிய மூவும் அதில் அப்படியே வேலை செய்தது. அடுத்த வருடம் ஓர் இளைஞர் எங்கள் கடைக்கு வந்து, இரண்டு மூவ் இருக்குமா, பழசானாலும் பரவாயில்லை என்று கேட்டார். ஒன்றும் இருக்கவில்லை. கினெக்ட் மூன்று இருந்தன. புதிய எக்ஸ்பொக்ஸில் அவற்றைப் பொருத்தவும் முடியாது.

இவ்வளவையும் நான் எழுதுவது கட்டுரையாளரைக் குறை சொல்வதற்காக அல்ல. அவருடைய தமிழ் தெளிவாக இருந்தது, கருவிகள் இயங்கும் விதத்தையும் சரியாகவே விளக்கியிருந்தார். ஆனால் தங்கள் பத்திரிகையில் அச்சாகும் எண்ணை நம்பிப் பணம் போடுபவர்கள் யூனிட்டி பிளாசாவிலும் லிபர்ட்டி பிளாசாவிலும் சின்னச் சின்னக் கடைகளில் இருக்கிறார்கள். டொலர் 200 ரூபாயிலிருந்து சில வாரங்களில் 360 ரூபாய்க்குப் போனதை 2022இல் பார்த்த பிறகு, ஒரு பெட்டி தட்டில் தேங்குவதற்கு அவர்கள் கொடுக்கும் விலை முன்னரைவிட அதிகம். ஆகவே, விற்பனை எண் ஒன்றை வெளியிடும்போது அது கடைக்கு அனுப்பியதா, வீட்டுக்குப் போனதா, எந்தத் திகதிவரையானது என்பதை ஒரு வரியிலாவது குறிப்பிடும்படியும், எதிர்வுகூறல் என்றால் அதைச் சொன்னவர் அந்தச் சாமானை விற்பவரா வேறொருவரா என்பதையும் சேர்த்து அச்சிடும்படியும் கேட்டுக்கொள்கின்றேன்.

கட்டுரையின் இறுதிப் பந்தியில் உள்ள அடுத்த ஆண்டுக்கான எதிர்வுகூறலைக் கத்தரித்து, திகதி எழுதி வைத்திருக்கின்றேன். அடுத்த வருடம் இதே வாரத்தில் அதை அனுப்பி வைத்தால், கிடைத்திருக்கும் உண்மைக் கணக்கோடு சேர்த்து அதே பக்கத்தில் பிரசுரிக்கத் தாங்கள் இடம் தருவீர்களா?

இங்ஙனம்,
முன்னாள் கடை ஊழியர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.