எஸ்தருக்கு: கை தூக்கியவர்கள் எத்தனை பேர்?

அன்புள்ள எஸ்தர்,

ஸ்தோத்திரம். நான் சுகம். உங்க அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது, தம்பிக்கு அந்த வேலை அமைந்ததா, ரோஸ்லின் கல்யாணத்துக்கு யார் யார் போனீர்கள், எல்லாம் விவரமாக எழுது. வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய எதையும் நான் பார்க்கவில்லை, கோபித்துக்கொள்ளாதே. ரேஞ்ச் வேண்டுமென்றால் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்கு மேலே இருக்கிற பாறையில் ஏறி நிற்கவேண்டும். சாயங்காலம் ஆனால் அங்கே வாலிபப் பையன்கள் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டு காதலியோடு பேசிக்கொண்டிருப்பார்கள், நான் போனதும் எல்லாரும் போனை மறைத்துக்கொண்டு எழுந்து "அக்கா ஸ்தோத்திரம்" என்கிறார்கள். பாவம், அவர்கள் பிழைப்பை ஏன் கெடுக்க வேண்டும் என்று பேப்பரை எடுத்துவிட்டேன். நாளைக்கு மூணாறு போகிற ஜீப்பில் இது வரும்.

"கோடைக்கு மூணாறா? இதுக்குப் பேர் ஊழியமாட்டி?" என்று பஸ் ஸ்டாண்டில் வைத்துக் கேட்டாயே, அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். டூரிஸ்டுகள் ராஜமலையில் வரையாடு பார்த்து, அதோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நாங்கள் அதையும் தாண்டி உள்ளே. மதியத்துக்கு மேல் மழை, மழை விட்டால் அட்டைப்பூச்சி. நான் வந்ததிலிருந்து ஒரு ஜோடி சாக்ஸ் கூட முழுசாகக் காயவில்லை.

நம் குழுத்தலைவர் அண்ணன் புறப்படும்போது "சுவிசேஷம் எட்டாத மலை ஜனங்கள்" என்று ஜெபித்தார் இல்லையா? ஜீப்பை விட்டு இறங்கினால் எதிரே சர்ச், மணியோடு. மூணாறு டவுனில் இருக்கிற வெள்ளைக்காரர் கோயில் 1911-ல் பிரதிஷ்டை ஆனது, அதற்குப் பக்கத்துக் கல்லறைத் தோட்டம் அதைவிடப் பழசு, 1894-ல் காலராவில் இறந்த ஒரு இளம்பெண்ணை முதலில் அங்கே அடக்கம் பண்ணியிருக்கிறார்கள். எட்டாத ஜனமாம்! இங்கே இருக்கிற பாதிப் பேருக்கு வேர் கயத்தாறு, சங்கரன்கோவில், நம்ம சாயர்புரம் பக்கம். நான் நாசரேத் என்று சொன்னதும் ஒரு பாட்டி எந்தத் தெரு, யார் மகள், அப்பாவைப் பெத்தவர் பேர் என்ன என்று விசாரணையை ஆரம்பித்துவிட்டாள், நான் ஊழியக்காரியா பெண் பார்க்க வந்த வீட்டுப் பெண்ணா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கடைசியில், "2023-ல எங்க அரிக்கொம்பன் யானையைப் பிடிச்சு உங்க முண்டந்துறைக் காட்டுல கொண்டு விட்டாங்க, பதிலுக்கு உன்னை அனுப்பிட்டாங்களாக்கும்" என்று ஒரே போடு. இப்போது சின்னப் பிள்ளைகளுக்குக்கூட நான் 'கொம்பன் அக்கா'தான். நீ சிரிப்பாய் என்று தெரியும். ரேஷன் அரிசியைத் தின்கிற யானையோடு ஒப்பிடுவதில் நியாயம் இருக்கிறது என்றும் சொல்வாய்.

நான் தங்கியிருப்பது சரோஜா அக்கா வீட்டில். முன்னால் ஒரு அறை, பின்னால் அடுப்படி, அவ்வளவுதான் லயம். விடியுமுன் எழுந்து சோறு பொங்கி டப்பாவில் அடைத்துவிட்டுத் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போய்விடுவாள். 2015-ல் தோட்டத்துப் பெண்கள் நடத்திய பெம்பிளை ஒருமைப் போராட்டத்தில் மூணாறு ரோட்டில் உட்கார்ந்தவள். போனஸ் 20 சதவீதத்திலிருந்து 10 ஆகிப்போனதில் ஆரம்பித்தது, 232 ரூபாய்க் கூலி கடைசியில் 301 ஆனது. சங்கத் தலைவர்களைப் பக்கத்திலேயே விடவில்லை என்று சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். 58-ல் ஓய்வு, ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி பண்ண வேண்டும், பிள்ளைகளில் ஒருத்தராவது தோட்ட வேலையில் சேர்ந்தால்தான் அந்த அறை தங்கும். அவள் மகன் கோயம்புத்தூரில் கம்பெனி வேலை, வரமாட்டான். "2006 குறிஞ்சியும் பார்த்தேன், 2018-ம் பார்த்தேன், 2030-ல் பூக்கும்போது நான் இங்கே இருக்கமாட்டேன், டிக்கெட் எடுத்துத்தான் பார்க்கணும்" என்கிறாள். சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள், எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) பாடப் புத்தகத்தில் மூன்றாம் பாடம் நோவாவின் பேழை. மதுரையில் பயிற்சி கொடுத்தபோதே எனக்குத் திக்கென்றது, ஏனென்றால் நாங்கள் போகிற இடம் பெட்டிமுடிக்குப் பக்கம். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி, ஞாபகம் இருக்கிறதா, நாம் கொரோனாவில் வீட்டுக்குள் அடைந்துகிடந்த சமயம். மலை இடிந்து லயங்களின் மேல் வந்து விழுந்தது, 70 பேர். கரண்டும் இல்லை, போனும் இல்லை, வெளியே தெரியவே விடிந்துவிட்டது. நாலு பேர் உடல் கடைசி வரை கிடைக்கவில்லை. இந்தப் பாடத்தை மாற்றிக்கொள்ளலாம், ஐந்து அப்பம் இரண்டு மீன் சொல்லலாம் என்று அண்ணனிடம் சொன்னேன். "பாடத்திட்டம் பாடத்திட்டம்தான் சிஸ்டர், தேவ வசனம் வெறுமையாய்த் திரும்பாது" என்றார். அவரே பாடம் எடுத்தார், இடிச் சத்தத்துக்குத் தகரத்தை வேறு ஆட்டினார்.

பிள்ளைகள் கப்சிப். எப்போதும் சலசலவென்று இருக்கிற கூட்டம் எஸ்தர், பின்னால் உட்கார்ந்து ஒருத்தனை ஒருத்தன் கிள்ளுகிற பயல்கள்கூட அசையவில்லை. ஆறாம் வகுப்பு முடித்த ஒரு பிள்ளை, பேர் வேண்டாம், எழுந்து நின்று, "அண்ணா, பேழைக்கு வெளியில சின்னப் பிள்ளைங்க இருந்தாங்களா?" என்று கேட்டாள். அண்ணன் கீழ்ப்படியாமையைப் பற்றிச் சொன்னார். "கைப்பிள்ளைங்களுமா?" என்றாள். அண்ணன் உடனே ஆக்‌ஷன் பாட்டுக்குத் தாவிவிட்டார். அதற்கப்புறம் பேழைப் படத்துக்கு வண்ணம் தீட்டக் கொடுத்தோம். எல்லாப் பிள்ளைகளும் தண்ணீருக்கு நீலம் அடித்தார்கள். அவள் மண் நிறம் அடித்திருந்தாள், அழுத்தி அழுத்தி, தாள் கிழிகிற அளவுக்கு, பேழையின் பாதி உயரம் வரை.

அவளுடைய பெரியம்மா குடும்பம் பெட்டிமுடியில் என்று சரோஜா அக்கா அப்புறம்தான் சொன்னாள். அன்று சாயங்காலம் மாட்டுக்குப் புல் அறுக்க அந்தப் பிள்ளையோடு போனேன். என் காலில் ஏறின அட்டைக்கு உப்பு வைத்துவிட்டு, "அக்கா, ராத்திரி மழை பெஞ்சா உங்க ஊர்ல தூங்குவீங்களா?" என்று கேட்டாள். எங்க ஊரில் ராத்திரி மழை பெய்தால் எல்லாரும் எழுந்து முற்றத்துக்கு வந்து சந்தோஷமாக நின்று பார்ப்போம், தேரிக்காட்டில் மழை அவ்வளவு அபூர்வம் என்றேன். அவள் நம்பவில்லை. பொய் சொல்கிறேன் என்று நினைத்து என்னைப் பார்த்த பார்வை இன்னும் போகவில்லை. பேழையைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, உன்னிடம் இருந்தால் எழுது, ஆனால் செமினரிப் பதில் வேண்டாம்.

கடைசி நாள் வழக்கம் போல, "இயேசுவை இருதயத்தில் ஏற்றுக்கொள்கிறவர்கள் கை தூக்குங்கள்." எல்லாரும் தூக்கினார்கள். ஞானஸ்நானம் எடுத்த குடும்பத்துப் பிள்ளைகள் தூக்கினார்கள், முருகன் கோயில் பூசாரியின் பேரன் விபூதியோடு இரண்டு கையையும் தூக்கினான், அவன் எது கேட்டாலும் தூக்குவான், பிஸ்கட் கொடுக்கும்போதும் அப்படித்தான். அவள் மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணன் எண்ணி முடித்தார், 43. கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று அறிக்கைப் படிவத்தை என்னிடம்தான் கொடுத்திருக்கிறார். 'தொடப்பட்ட ஆத்துமாக்கள்' ஒரு கட்டம், 'தீர்மானம் எடுத்தவர்கள்' ஒரு கட்டம். நான் அந்தக் கட்டத்தை நிரப்பப் போவதில்லை. சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை, அதுதான் கஷ்டமாக இருக்கிறது. "எண்ணிக்கை இல்லாமல் அடுத்த வருஷம் யார் காணிக்கை கொடுப்பார்கள்? ஜீப் வாடகை எங்கேயிருந்து வரும்?" என்று மெதுவாகக் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை, காணிக்கை கொடுக்கிறவர்களும் வசதியானவர்கள் இல்லை, கருப்பட்டி விற்று மிச்சம் பிடித்துக் கொடுக்கிறவர்கள். ஆனாலும் 43 என்று எழுத என் கை போகமாட்டேன் என்கிறது. பூசாரி பேரனை நான் எப்படிக் கணக்கில் சேர்க்க?

உங்க வெள்ளாளன்விளை அசரியா பிஷப் 1910-ல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில் பேசினதை நீ ஞாயிறு பள்ளிப் போட்டியில் ஒப்பித்து, பாதியில் மறந்து, மைக்கைப் பிடித்துக்கொண்டு அழுதாயே, அது அடிக்கடி ஞாபகம் வருகிறது. (அழுததும்தான்.) ஏழைகளுக்கு ஆஸ்தியைக் கொடுத்தீர்கள், உடலையே கொடுத்தீர்கள், எங்களுக்கு அன்பும் வேண்டும், நண்பர்களைத் தாருங்கள் என்று வெள்ளைக்கார மிஷனரிகளின் முகத்துக்கு நேராகக் கேட்டார் மனுஷன். நாம் அதைப் பெருமையாக ஒப்பித்தோம், வெள்ளைக்காரனுக்குச் சொன்னது என்று. அவர் தோர்ணக்கல் போய்த் தெலுங்கு படித்து, அங்கேயே பிஷப்பாகி, 1945-ல் அங்கேயே இறந்தார். நாம் மே மாதம் வந்து, பள்ளிக்கூடம் திறக்குமுன் போய்விடுகிறோம், மழைக்கு முன்னால், பத்திரமாக. இங்கே ஒரு உபதேசியார் இருக்கிறார், எஸ்டேட்டின் மூன்று டிவிஷனுக்கும் நடந்தே போவார். அவரிடம் இந்தப் படிவத்தைக் காட்டினேன். கண்ணாடி போட்டு முழுசாகப் படித்துவிட்டு, "நீங்க போனப்புறம் நாலு நாள் உங்க பாட்டையே பாடிக்கிட்டு இருக்கும் பிள்ளைங்க. அப்புறம் மழை பிடிச்சுரும்" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. அண்ணனுக்கு அடுத்த வருஷம் இடமலக்குடிக்குப் போக ஆசை, பெட்டிமுடியிலிருந்து உள்ளே காட்டுவழி, கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்து, முதுவான் ஜனங்கள், வனத்துறை அனுமதி இல்லாமல் விடமாட்டார்கள். விடாமல் இருப்பதே நல்லது என்று தோன்றுகிறது. இங்கேயே ஒரு பிள்ளை கேட்டதற்கு நின்று பதில் சொல்ல முடியவில்லை, அங்கே போய்த் தகரத்தை ஆட்டவா?

இதை ஒரு ஊழியக்காரி எழுதலாமா என்று நீ கேட்பாய். கேள். விசுவாசம் போய்விட்டதா என்றெல்லாம் பயப்படாதே, ராத்திரி மழை பிடித்தால் இப்போது நானும் சரோஜா அக்காவும் விழித்திருந்து ஜெபிக்கிறோம், நம் ஹாஸ்டலில் பரீட்சைக்கு முன் ஜெபித்ததைவிட உண்மையான ஜெபம். நீ ஸ்ரீகாகுளம் பக்கம் போன வருஷம் இந்தக் கட்டத்தில் என்ன எழுதினாய்? உண்மையைச் சொல்லு, யாரிடமும் சொல்லமாட்டேன்.

இன்னொன்று. ராஜமலையில் பெட்டிமுடிக்காரர்களை அடக்கம் பண்ணின இடத்தில் ஆகஸ்ட் 6 அன்று ஜனங்கள் கூடுவார்கள். "வாறதுன்னா அன்னைக்கு வா, மே மாசம் யார் வேணும்னாலும் வருவாங்க" என்று சரோஜா அக்கா சொல்லிவிட்டாள். நான் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன், உன் சார்பிலும். குழு இல்லை, பேனர் இல்லை, நீயும் நானும்தான். லீவுக்கு இப்போதே எழுதிக் கொடு. மதுரை, தேனி, போடி வழியாக வந்தால் போடிமெட்டு ஏறி பூப்பாறை, அப்புறம் மூணாறு. உன் பூப்போட்ட குடை இங்கே ஒரு மணி நேரம் தாங்காது, நல்ல மழைக்கோட்டு வாங்கு, உப்புப் பொட்டலமும் எடுத்துக்கொள். பாட்டி மஸ்கோத் அல்வா கேட்டிருக்கிறாள், முதலூரில் வாங்கு, டப்பாவில் பழசைத் தலையில் கட்டிவிடுவான், பார்த்து வாங்கு. காசை நான் தருகிறேன், நீ எனக்குத் தர வேண்டியதில் கழித்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
ஜெபா