தக்காளி ஊரும் கோத்தகிரியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் வாசகர் கடிதத்தில் ஒருவர், கோத்தகிரி எஸ்டேட்டுகளில் ஜார்க்கண்ட், அசாம் ஆட்களாக நிறைந்துவிட்டார்கள், இப்படியே போனால் ஊர் நம் கையில் இருக்காது என்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எனக்குப் பின்லாந்தில் இருக்கும் நேர்பெஸ் என்ற ஊர் ஞாபகமாகவே இருக்கிறது. என் மைத்துனர் மகன் அதற்குப் பக்கத்தில் வாசா நகரத்தில் படிக்கிறான், போன லீவில் அங்கே தக்காளி பறிக்கப் போனான்.

பத்தாயிரம் பேர்கூட இல்லாத விவசாய ஊர். பின்லாந்து என்றாலும் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது ஸ்வீடிஷ். பழைய தேவாலயத்தைச் சுற்றி மரக் கொட்டில்கள் நூற்றுக்கு மேல் நிற்கின்றன, தூரத்துக் கிராமத்து ஜனங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வந்தால் குதிரையைக் கட்டிவைக்கப் போட்டது. அந்தக் கடலோரத்தில் பிழைக்க வழியில்லாமல் ஒரு காலத்தில் அமெரிக்காவுக்கும், இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம் ஸ்வீடனுக்கும் ஜனம் கூட்டம் கூட்டமாகக் கிளம்பிப் போனது. ஊரைத் தூக்கி நிறுத்தியது, குளிர் படாமல் செடி வளர்க்கிற கண்ணாடிக் குடில்தான். பின்லாந்தில் விளைகிற தக்காளியில் பாதிக்கு மேல் இப்போது அந்த வட்டாரத்துச் சரக்கு.

டிசம்பரில் பகலே ஐந்து மணி நேரம்தான், அதனால் விளக்கு வெளிச்சத்தில் செடி வளர்க்கிறார்கள். (2022இல் கரண்ட் விலை எகிறியபோது குளிர்காலத்தில் விளக்கே போடாமல் விட்டவர்களும் உண்டு.) குடிலைச் சூடாக்க வரிசைக்கு நடுவே வெந்நீர்க் குழாய் ஓடும், அதே குழாய்தான் பறிக்கிற வண்டிக்குத் தண்டவாளம். பூவில் மகரந்தம் சேர்க்க தேனீ இனத்துக் குண்டு வண்டுகளை அட்டைப் பெட்டியில் வாங்கி உள்ளே விடுகிறார்களாம், பையன் அதை மட்டும் மூன்று தடவை போனில் சொன்னான்.

அங்கேயும் பறிக்க உள்ளூர் ஆள் போதவில்லை. 1990களில் போர் துரத்தி பொஸ்னியாவிலிருந்து வந்தவர்கள், அப்புறம் வியட்நாம்காரர்கள், இவர்களால்தான் குடில் நடக்கிறது. வந்தவர்கள் ஸ்வீடிஷ் கற்றுக்கொள்கிறார்கள், பிள்ளைகள் அந்த ஊர்ப் பள்ளியிலேயே படிக்கிறார்கள். பின்லாந்துச் சட்டப்படி இரண்டு வருடம் தொடர்ந்து குடியிருந்தால் வெளிநாட்டுக்காரரும் நகராட்சித் தேர்தலில் ஓட்டுப் போடலாம். ஊர் அவர்கள் கையில் போய்விட்டதாக பையனிடம் யாரும் புலம்பவில்லை, ஆள் கிடைப்பதில்லை என்றுதான் புலம்பினார்களாம்.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு அக்கறை என்றால், 1964 இந்தியா-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பம் நாங்கள். தமிழ்தான் பேசினோம், இருந்தாலும் கடைவீதியில் எங்களுக்குப் பெயர் ‘சிலோன்காரங்க’. அப்பா சாகும்வரை அந்தப் பெயர் போகவில்லை. இன்று எங்களைத் தவிர்த்து ‘நம்ம ஆளுங்க’ என்று யாரும் பேசுவதில்லை, அந்த வாசகரே எங்களையும் சேர்த்துத்தான் எழுதியிருப்பார்.

எங்கள் எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கும் ஜார்க்கண்ட் பெண் ஒருத்தி தேயிலைக் கொழுந்து பறிக்கிறாள். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா போடுவது என்று மருந்துக்கடையில் கேட்டுச் சொல்ல ஏழு வயது மகளைக் கூட்டிப் போகிறாள், குழந்தை தமிழில் கேட்டு அம்மாவிடம் அவர்கள் பாஷையில் சொல்கிறது. அன்றைக்கு அது பள்ளிக்கு மட்டம்.

பெரியவர்களுக்கு மாலையில் ஒரு தமிழ் வகுப்பு வைத்தால் என்ன? சம்பளம் வேண்டாம், சொல்லிக்கொடுக்க நான் தயார். ஆறு மணிக்கு ஆரம்பித்து ஏழுக்குள் முடித்துவிட வேண்டும், அதற்கு மேல் ரோட்டில் காட்டெருமை நிற்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தேயிலைத் தொழிற்சாலை ஊழியர்,
கோத்தகிரி.