கேம்களுக்கும் வயது போட்டிருக்கிறது, அதைத் தமிழில் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மணப்பாறையில் 14 வருடமாகச் செல்போன் கடை வைத்திருக்கிறேன். ரீசார்ஜ், டிஸ்ப்ளே மாற்றுவது, டெம்பர் கிளாஸ் ஒட்டுவது, புதுப் போன் விற்றால் அதில் ஜிமெயில் போட்டு வாட்ஸ்அப் ஏற்றிக் கையில் கொடுப்பது, இதுதான் என் தொழில். பத்திரிகைக்கு இதுவரை எழுதியதில்லை. போன மாதம் கடையில் நடந்த ஒரு விஷயம் மனதிலேயே நிற்பதால் எழுதுகிறேன்.

பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அக்கா போனைக் கொண்டுவந்தார். தொட்டால் திறக்க மாட்டேன் என்கிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது, சரிசெய்து தா என்றார். பார்த்தால் இடமே இல்லை. பதினோரு கேம் ஏறியிருந்தது. வீட்டில் நான்காம் வகுப்புப் பையன் ஒருவன்தான் பிள்ளை. ஒவ்வொன்றாகத் திறந்து எதை எடுக்கட்டும் என்று கேட்டபோது, அதில் இரண்டு கேம்களுக்கு 18+ என்று போட்டிருந்ததைக் காட்டினேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "எல்லாத்துக்கும் நாலு ஸ்டாருக்கு மேல இருக்கே தம்பி, ரேட்டிங் நல்லாத்தானே இருக்கு" என்றார். இன்னொன்றில் 12+ என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, "இது ப்ளஸ் டூ பசங்களுக்கா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில் எந்தத் தப்பும் இல்லை. ரேட்டிங் என்றால் ஸ்டார் என்றுதான் ஊரில் எல்லோருக்கும் தெரியும், ஓட்டலுக்கு ஸ்டார், ஆட்டோக்காரருக்கு ஸ்டார், அதே மாதிரி கேமுக்கும் ஸ்டார். பக்கத்தில் சின்னதாக ஒரு எண்ணும் கூட்டல் குறியும் இருக்கிறது, அது வயது, அந்த வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைக்கு இது ஏற்றதில்லை என்று யாராவது அவரிடம் எப்போதாவது சொல்லியிருக்கிறார்களா? போன் விற்ற நாங்கள் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் சொல்லவில்லை. உங்கள் பத்திரிகையிலும் நான் படித்த ஞாபகம் இல்லை.

சினிமாவுக்கு அப்படி இல்லையே. வெள்ளிக்கிழமை ஒரு படம் வந்தால் அது யு-வா, யு/ஏ-வா, ஏ-வா என்று விளம்பரத்திலேயே தெரிந்துவிடுகிறது. ஏ படத்துக்குச் சின்னப் பிள்ளையைக் கூட்டிப்போனால் தியேட்டர் வாசலில் நிற்பவர் நம்மை ஒரு பார்வை பார்ப்பார். 2023-இல் திருத்தச் சட்டம் கொண்டுவந்து யு/ஏ என்பதையே 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தார்கள். ஓடிடிக்கும் 2021 விதிகளில் இதே மாதிரி வயது வைத்தார்கள். தியேட்டருக்கு வருஷத்துக்கு நாலு தடவை போகிற பையனுக்கு இவ்வளவு ஏற்பாடு. தினமும் மூன்று மணி நேரம் கையில் வைத்திருக்கும் விளையாட்டுக்கு நம் நாட்டில் தணிக்கை வாரியம் மாதிரி ஒன்று கிடையாது.

அப்படியானால் ப்ளே ஸ்டோரில் இருக்கும் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பலர் கேட்கிறார்கள். எனக்கும் முதலில் தெரியாது, படித்துத்தான் தெரிந்துகொண்டேன். கேம் செய்யும் கம்பெனியே ஒரு கேள்வித்தாளுக்குப் பதில் எழுதிக் கொடுக்கிறது. ரத்தம் வருமா, துப்பாக்கி உண்டா, கெட்ட வார்த்தை உண்டா, சூதாட்டம் மாதிரி ஏதாவது இருக்கிறதா, ஆடுபவர்கள் ஒருவரோடு ஒருவர் பேச முடியுமா, உள்ளே காசு கொடுத்து வாங்க ஏதாவது உண்டா. அந்தப் பதில்களை வைத்து ஐஏஆர்சி என்ற சர்வதேச அமைப்பின் முறைப்படி வயதும், அதற்குக் கீழே சில குறிப்பு வரிகளும் வருகின்றன. ப்ளே ஸ்டோரில் 2015 முதல் இது நடக்கிறது. அமெரிக்காவில் 1994-லேயே இஎஸ்ஆர்பி என்று தனி அமைப்பு வந்துவிட்டது, மார்ட்டல் காம்பாட் மாதிரி கேம்களின் ரத்தக் காட்சிகளைப் பற்றி அவர்கள் செனட்டிலேயே விசாரணை நடந்த பிறகு. ஐரோப்பாவுக்கு 2003-இல் பெகி வந்தது. அந்தந்த நாட்டில் அவர்கள் அமைப்பு போடும் வயதுதான் ப்ளே ஸ்டோரில் காட்டும். நமக்கென்று அமைப்பு இல்லாததால் பொதுவான 3, 7, 12, 16, 18 என்ற வரிசை வருகிறது. கம்பெனி பிழையாகப் பதில் சொல்லியிருந்தால், பின்னால் அந்தக் கேமின் வயதைத் திருத்திவிடவும் வழி இருக்கிறது. ஆக, குறையிருந்தாலும் ஒன்றுமில்லாத முறை இல்லை இது. பயன்படுத்தத் தெரிந்தால் பாதிப் பிரச்சினையை இதை வைத்தே தடுக்கலாம் என்பது என் அனுபவம்.

ஆனால் அந்த எண் வேலை செய்ய வேண்டுமானால் போனுக்கு யார் கையில் இருக்கிறோம் என்று தெரிய வேண்டும். இங்கேதான் என் போன்ற கடைக்காரர்கள் பக்கம் தவறு இருக்கிறது, அதை நானே சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்கென்று ஆன்லைன் வகுப்புக்காகப் போன் வாங்க வருவார்கள். ஜிமெயில் போடும்போது பிறந்த வருடம் கேட்கும். பதின்மூன்று வயதுக்குக் கீழே என்று போட்டால் அது பெற்றோர் கணக்கோடு இணைக்கச் சொல்லும், அதற்கு அப்பாவின் போனும் வேண்டும், பாஸ்வேர்டும் வேண்டும், அரை மணி நேரம் ஆகும். கடையில் நாலு பேர் நிற்பார்கள். "அண்ணே, எங்க வருஷத்தையே போட்டு முடிச்சு விடுங்க" என்பார்கள். நானும் 1982, 1985 என்று போட்டுக் கொடுத்திருக்கிறேன், ஒன்று இரண்டு இல்லை, நூற்றுக்கணக்கில். அப்புறம் அந்தப் போனைப் பொறுத்தவரை ஆடுவது நாற்பது வயது ஆள். 18+ கேமைத் தாராளமாக முன்னால் நீட்டும். கொரோனா சமயத்தில் இப்படி எத்தனை போன் கொடுத்தேன் என்று நினைத்தால் சங்கடமாக இருக்கிறது. இப்போது ஒரு வருடமாக அப்படிச் செய்வதில்லை. பிள்ளைக்கு என்று தெரிந்தால் உட்கார வைத்து முறையாகத்தான் போட்டுக் கொடுக்கிறேன், நேரமானாலும் பரவாயில்லை என்று.

"நாங்களும்தான் ஆடினோம், கெட்டா போயிட்டோம்?" என்று என் வயதுக்காரர்கள் கேட்பார்கள். நானும் ஆடியவன்தான். பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து வைஸ் சிட்டி ஆடியிருக்கிறேன். அது 17 வயதுக்கு மேல் என்று அமெரிக்காவில் முத்திரை குத்திய கேம் என்று பத்து வருடம் கழித்துத்தான் தெரியும், ஏனென்றால் எங்களுக்கு வந்தது காப்பி போட்ட சிடி, மேலே மார்க்கர் பேனாவில் பெயர் மட்டும் எழுதியிருக்கும். ஆனால் அன்றைக்கு ஒரு மணி நேரம் முடிந்தால் சென்டர் அண்ணன் எழுப்பிவிடுவார், சட்டைப்பையில் வேறு இருபது ரூபாய் இருக்காது. ஆடியது எங்களோடு நாங்களே. இன்றைக்குப் பையன் ராத்திரி போர்வைக்குள் ஹெட்செட் மாட்டிக்கொண்டு ஆடும்போது காதில் பேசுவது யார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. பத்து வயதுப் பையனிடம் முப்பது வயது ஆள் பேசலாம், என்ன வேண்டுமானாலும் பேசலாம். வயது எண் அதை அளப்பதே இல்லை. கேமில் வருவதைத்தான் அது சொல்லும், கூட ஆடுபவர் பேசுவதைச் சொல்லாது. அதற்கென்று எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் "யூசர்ஸ் இன்டராக்ட்" என்று ஒரு வரி இருக்கும், "இன்-ஆப் பர்ச்சேஸ்" என்று இன்னொரு வரி இருக்கும். என்னைக் கேட்டால் எண்ணைவிட இந்த இரண்டு வரிதான் முக்கியம். முதல் வரிக்கு, முன்பின் தெரியாதவர்கள் உங்கள் பிள்ளையோடு பேசலாம் என்று அர்த்தம். இரண்டாவதற்கு, விளையாட்டுக்குள்ளேயே கடை இருக்கிறது, காசு கேட்கும் என்று அர்த்தம். இந்த இரண்டு வரியைத் தமிழில் படித்தால் எந்தத் தாயும் ஒரு நிமிடம் நின்று யோசிப்பார். எங்கள் பக்கம் பெரும்பாலும் போனை ஆங்கிலத்திலேயே வைத்திருக்கிறார்கள், அதனால் கண்ணில் பட்டாலும் மனதில் ஏறுவதில்லை.

காசு விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். கொத்தனார் வேலை பார்க்கும் ஒருவர் கணக்கிலிருந்து மூன்று வாரத்தில் 2,400 ரூபாய் போயிருந்தது. எண்பது, நூற்றறுபது என்று சில்லறை சில்லறையாக. மோசடி நடந்துவிட்டது, போலீசுக்குப் போகப் போகிறேன் என்று பதறிக்கொண்டு வந்தார். பார்த்தால் எல்லாமே ஒரு துப்பாக்கி கேமில் டைமண்ட் டாப்-அப், அதாவது கேமுக்குள் செலவழிக்கும் டைமண்டை நிஜக் காசு கொடுத்து வாங்கியது. பின் நம்பர் பையனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அவன்தான் சார் எனக்குப் பணமே போட்டுக் குடுக்கிறது, எனக்கு அந்த இங்கிலீஷ் படிக்கத் தெரியாது." பையனை அடிக்கக் கையை ஓங்கினார், தடுத்து உட்கார வைத்தேன். ஏழாம் வகுப்புப் பையன், அழுதுகொண்டே, எல்லோரும் புது டிரஸ் போட்டிருந்தார்கள், நான் மட்டும் பழைய டிரஸ்ஸில் இருந்தேன் என்றான். கேமுக்குள் அவன் பொம்மை போடும் சட்டையைச் சொல்கிறான். அவனை என்ன குறை சொல்வது.

உடனே தடை செய்யுங்கள் என்று சிலர் எழுதுவார்கள். 2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடை செய்தார்கள், 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரைத் தடை செய்தார்கள். அரசாங்கம் அதற்குச் சொன்ன காரணம் நாட்டுப் பாதுகாப்பு, பிள்ளைகள் வயது இல்லை. கடையில் நான் பார்த்தது என்னவென்றால், ஒரு வாரத்தில் பையன்கள் எங்கிருந்தோ ஏபிகே ஃபைலை, அதாவது ப்ளே ஸ்டோர் இல்லாமலே கேமை ஏற்றும் ஃபைலை, இறக்கி ஒருவன் போனிலிருந்து இன்னொருவன் போனுக்கு அனுப்பிக்கொண்டார்கள். ஃப்ரீ ஃபயருக்கு மேக்ஸ் என்று இன்னொன்று ஸ்டோரிலேயே இருந்தது, அதற்கு மாறிக்கொண்டார்கள். பப்ஜி போய் 2021-இல் அதன் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ வந்தது. ஏபிகே வழியாக வந்தால் ப்ளே ஸ்டோரில் நாம் போடும் வயதுப் பூட்டு அதைத் தொடவே தொடாது, இருந்த ஒரு வேலியும் போய்விடுகிறது. பணம் கட்டி ஆடும் ரம்மி மாதிரி ஆட்டங்கள் வேறு விஷயம், அதனால் எங்கள் பக்கமே குடும்பங்கள் அழிந்தன, 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் போட்டதை நான் வரவேற்கிறேன். ஆனால் அது பணம் வைத்து ஆடுவதைப் பற்றியது. நான் பேசுவது, சட்டப்படி எந்தத் தப்பும் இல்லாத, ஆனால் ஒன்பது வயதுக்குக் கொடுக்கக் கூடாத கேம்களைப் பற்றி.

கேமே கூடாது என்று சொல்பவனும் நான் இல்லை. என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள், மைன்கிராஃப்ட் ஆடுகிறாள். ஐரோப்பாவில் 7 வயது, அமெரிக்காவில் 10 வயது என்று போட்ட கேம் அது. பள்ளி விடுமுறையில் பதினைந்து நாள் உட்கார்ந்து, கட்டை கட்டையாக அடுக்கித் திருச்சி மலைக்கோட்டையைக் கட்டியிருக்கிறாள், படிக்கட்டு, உச்சிப் பிள்ளையார் சன்னதி, கீழே தெப்பக்குளம் எல்லாம் இருக்கிறது. ஒரு படி கோணலாக வந்துவிட்டது என்று இடித்துவிட்டு மறுபடி கட்டினாள். அதைப் பார்த்துக்கொண்டு நான் சாப்பாட்டையே மறந்து உட்கார்ந்திருந்தேன். வயதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததால்தான் தைரியமாக "ஆடு" என்று சொல்ல முடிந்தது.

வாசகர்களுக்கு உடனே செய்யக்கூடியது ஒன்று. ப்ளே ஸ்டோரைத் திறந்து, மேலே வலது மூலையில் உங்கள் படம் இருக்கும் வட்டத்தைத் தொடுங்கள். செட்டிங்ஸ், அதில் ஃபேமிலி, அதில் பேரன்டல் கன்ட்ரோல்ஸ். அதை ஆன் செய்து, பிள்ளைக்குத் தெரியாத ஒரு நாலு இலக்க எண் போட்டு, ஆப்ஸ் அண்ட் கேம்ஸ் என்பதில் வயதைத் தேர்ந்தெடுங்கள். ஐந்து நிமிட வேலை. ஏற்கனவே ஏற்றி வைத்திருப்பதை இது எடுக்காது, அதை நீங்கள்தான் கையால் நீக்க வேண்டும். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்ட் கேட்கும்படியும் அதே செட்டிங்ஸில் வைத்துக்கொள்ளலாம். வராவிட்டால் பக்கத்துக் கடையில் கேளுங்கள், இதற்குக் காசு வாங்கும் கடைக்காரர் இருக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வாராவாரம் ஒரு சின்னப் பெட்டியில், பிள்ளைகள் அதிகம் ஆடும் இரண்டு மூன்று கேம்களின் பெயர், எந்த வயதுக்கு மேல், ஏன் அந்த வயது, தெரியாதவர்கள் பேச முடியுமா, காசு கேட்குமா, இதை மட்டும் தமிழில் போடுங்கள். ராசிபலன் போடும் இடத்தில் பாதி போதும். அந்த அக்கா மாதிரி எத்தனையோ பேர் வீட்டில் பேப்பர் வாங்காவிட்டாலும் டீக்கடையில் வீட்டுக்காரர் படிப்பார், போய்ச் சொல்வார். பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடக்கும்போது ஆசிரியர்கள் அதைக் கத்தரித்துக் காட்டலாம்.

அந்த அக்காவின் போனில் ஏழு கேமை எடுத்தேன், நாலை விட்டு வைத்தேன். மறுநாள் பையனே கடைக்கு வந்து, "எந்த வயசுல அதை ஆடலாம் அண்ணே?" என்று கேட்டான். வயதைச் சொன்னேன். விரல் விட்டு எண்ணிவிட்டுச் சரி என்று போய்விட்டான்.

என் கடைச் சுவரில் வயதைக் குறிக்கும் ஐந்து எண்களுக்கும் அந்த இரண்டு பொடி எழுத்து வரிகளுக்கும் தமிழில் அர்த்தம் எழுதி ஒட்டியிருக்கிறேன். அதன் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். பிழை இருந்தால் திருத்திப் போட்டுக்கொள்ளுங்கள், என் பெயர் வர வேண்டியதில்லை.

இப்படிக்கு,
செல்போன் கடை நடத்தும் ஒரு வாசகர்,
மணப்பாறை.