செடி அழுவுதா, நீயே சொல்லு

அடியே,

உன் லெட்டர் வந்து ரெண்டு வாரமாச்சு, பதில் போட லேட்டாயிடுச்சு, திட்டாத. முட்டி வலி தேவலையா? நான் நல்லாருக்கேன், கண்ணாடி பவர்தான் ஏறிட்டே போகுது.

நீ அனுப்புன அந்த வீடியோ பாத்தேன், "செடிகள் வலியில் அலறுகின்றன"னு பின்னாடி சோக மியூசிக் வேற. பாட்டனி படிச்ச நீயே இத நம்பி வாடுன கிளையக் கிள்ளக்கூட மனசு வரலனு எழுதுற பாரு, சிரிப்பா வந்துச்சு. சத்தம் வர்றது நெஜம்தான்டி. 2023ல டெல் அவிவ் யுனிவர்சிட்டில லிலாக் ஹடனி டீம் அளந்திருக்காங்க. தண்ணி இல்லாம காயுற தக்காளி, புகையிலைச் செடி, தண்டு வெட்டுன செடி எல்லாம் ஒரு மணி நேரத்துக்கு 30லேர்ந்து 50 தடவ டிக் டிக்னு சத்தம் விடுது, நல்லாருக்குற செடி ஒரு தடவ விட்டாலே அதிகம். சத்தம் 40லேர்ந்து 80 கிலோஹெர்ட்ஸ், நம்ம காது 20லயே நின்னுடும். ஆனா இதுக்குப் பேரு அலறலா? சைலத்துல, அதான் வேர்லேர்ந்து தண்ணி ஏறுற குழாய்ல, தண்ணிய மேல இழுக்குற இழுவை தாங்காம அந்தக் கம்பி மாதிரி நீரோட்டம் பட்டுனு அறுந்து காத்துக்குமிழி வெடிக்குது, கேவிட்டேஷன்னு படிச்சோமே, அதாத்தான் இருக்கும்னு அவங்களே சொல்றாங்க. 1966லயே ஆமணக்குல சென்சார ஒட்டி இந்த அதிர்வக் கேட்டுட்டாங்க, இப்ப புதுசு என்னன்னா செடியத் தொடாம தள்ளி வெச்ச மைக்லயே காத்து வழியா கேக்குது. அவ்ளோதான். குழாய்ல காத்து அடச்சா டொக் டொக்னு அடிக்கும், அதுக்காக குழாய் அழுவுதுனா சொல்லுவோம்?

ஆனா நெஜமாவே ஆச்சரியப்பட வேண்டியத அந்த வீடியோக்காரன் விட்டுட்டான், எனக்கு அதான் கடுப்பு.

"தாவரங்களுக்கு நரம்பு மண்டலம் இல்லை"னு பரீட்சைல எழுதி மார்க் வாங்குனோம்ல, அது இன்னிக்கும் சரிதான். ஆனா நரம்பு இல்லாட்டி சேதி வேகமா போகாதுனு நாமளா ஒண்ணு முடிவு பண்ணி வெச்சிருந்தோம் பாரு, அது தப்பு. 2018ல சைமன் கில்ராய் லேப்ல மசாட்சுகு டொயோட்டானு ஒருத்தர், ஜெல்லிமீன்லேர்ந்து வந்த ஒளிர்ற புரோட்டீன லேப்ல எல்லாத்துக்கும் வளக்குற கடுகு ஜாதிக் குட்டிச் செடி அராபிடாப்சிஸுக்குள்ள வெச்சு, கால்சியம் ஏறுற எடமெல்லாம் மினுக்குற மாதிரி பண்ணிட்டாரு. அப்பறம் புழுவ விட்டு இலையக் கடிக்க வெச்சா, கடிபட்ட செல்லுலேர்ந்து குளுட்டமேட் வெளிய கசியுது, அது பக்கத்து செல்லோட வாசலத் தொறக்குது, கால்சியம் உள்ள பாயுது, அந்த அலை செடிக்குள்ள சாறு ஓடுற குழாய் வழியா செகண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் வேகத்துல போயி ரெண்டு நிமிஷத்துக்குள்ள அந்தப் பக்கத்து இலை பளபளனு மின்னுது, புழு இன்னும் அங்க போய்ச் சேரக்கூட இல்ல, அதுக்குள்ள அந்த இலைல ஜாஸ்மோனிக் ஆசிட்னு ஒரு தற்காப்பு ஹார்மோன் ஊறி புழுவுக்கு ஆகாதத சமைக்க ஆரம்பிச்சாச்சு! குளுட்டமேட் நம்ம மூளைலயும் சேதி கடத்துற சரக்குதான். அதுக்காக செடிக்கு மூளை இருக்குனு கெளம்பிடாத, ரெண்டு பேரும் ஒரே சாமான வேற வேற வேலைக்கு வெச்சிருக்கோம்.

இதே டொயோட்டா 2022ல தொட்டாச்சிணுங்கியையும் இப்பிடி மின்ன வெச்சுட்டாரு. கால்சியம் அலை இலைக்காம்பு முட்டுக்கு வந்து சேர்ற நொடிதான் இலை மடங்குது. மடங்க முடியாம பண்ணுன செடிய வெட்டுக்கிளி அதிகமா மேஞ்சிருக்கு. வெக்கப்பட்டு சிணுங்குதுனு பேரு வெச்சோம், அது பொழைக்குற வழி.

2023ல இன்னொண்ணு. புல்லு வெட்டுனா ஒரு பச்ச வாசன வருமே உனக்குப் புடிக்குமே, அந்த மாதிரி வாசனைய கடிபட்ட செடி விட்டா பக்கத்துச் செடி ஸ்டொமேட்டா, அதான் இலைல இருக்குற குட்டித் துளை வழியா உள்ள இழுக்குது, மொதல்ல அந்தத் துளைய தொறந்து மூடுற கார்டு செல் மின்னுது, அப்பறம் உள்ள இருக்குற செல்லெல்லாம். கார்டு செல்லுனா அவரை விதை மாதிரி படம் போட்டு பாகம் குறிச்சதுதான் நமக்குத் தெரியும், அது மோப்பம் புடிக்குதுனு யாரு சொன்னா!

பழைய புக்கு இன்னும் செல்லுமானு கேட்டியே, ஒரு வரி அழிச்சுக்கோ. காத்துல இருக்குற நைட்ரஜன நிலைநிறுத்துற உறுப்பு எந்த யூகேரியோட் செல்லுலயும், அதான் உட்கரு இருக்குற செல்லுலயும், கெடையாதுனு எழுதிருந்தோம், 2024ல ஒரு கடல் பாசிக்குள்ள கண்டுபுடிச்சு நைட்ரோபிளாஸ்ட்னு பேரே வெச்சாச்சு. அதப் பத்தி தனியா எழுதுறேன், இப்ப கை வலிக்குது.

அப்பறம் உன் தொட்டிச் செடி இலை சுருண்டு கெடக்குனு எழுதிருந்தியே. மைக்கெல்லாம் வேணாம், மண்ணுல வெரல வெச்சுப் பாரு, காஞ்சிருந்தா தண்ணி ஊத்து. ஈரமா இருந்தும் சுருளுதுன்னா இலையத் திருப்பி அடிப்பக்கம் பூச்சி இருக்கானு பாத்து எழுது.

உன்,
பழைய லேப் பார்ட்னர்