வண்டி வரவில்லை, தவணை வந்துவிட்டது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஜி.எஸ்.டி. குறைந்த பிறகு வாகன விற்பனை சூடுபிடித்திருப்பதாக உங்கள் இதழில் வந்த செய்தியைப் படித்தேன். சந்தோஷம். ஆனால் அந்தக் கணக்கில் சேராத ஒரு கூட்டம் இருக்கிறது. தொழிற்சாலையிலிருந்து ஷோரூமுக்குக் கிளம்பிய வண்டியைக் கம்பெனிகள் விற்பனை என்கின்றன. ஆர்.டி.ஓ.வில் பதிவான வண்டியை டீலர்கள் சங்கம் எண்ணுகிறது. பணம் கட்டிவிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பவன் இந்த இரண்டிலுமே வரமாட்டான். நான் அந்த ரகம்.

கொடைக்கானல் மேல்மலையில், மன்னவனூர் பக்கம் எனக்கு நிலம். பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு போடுகிறேன். தோட்டம் படிப்படியாகப் பள்ளத்தில் இறங்கும். அங்கிருந்து தார் ரோட்டுக்கு ஏற ஒரே ஒரு மண்பாதை. ஐப்பசி, கார்த்திகை மழையில் சாதாரண பிக்கப் அதில் ஏறாது. பின்சக்கரம் சுற்றிச் சுற்றித் தனக்கே குழி வெட்டிக்கொள்ளும். வாடகை வண்டிக்காரர் விவரமானவர், மேலேயே நிறுத்திவிட்டு ஹாரன் அடிப்பார். மூட்டைகளைப் பொதிக்குதிரையில் கட்டி மேலே கொண்டுபோக வேண்டும். குதிரைக்காரருக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி, அப்புறம் வண்டி வாடகை, கீழே இறக்குக்கூலி, கமிஷன். எங்கள் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு 2019-இல் கிடைத்தது. அந்தப் பூண்டு ஏறிவர ரோடு இன்னும் கிடைக்கவில்லை என்பது வேறு கதை.

கீழே தேனி மாவட்டத்து வடுகபட்டியில் பூண்டுச் சந்தை வியாழனும் ஞாயிறும். முந்தின ராத்திரியே மலை இறங்கினால்தான் விடியலில் சரக்கைக் காட்ட முடியும். சனிக்கிழமை ராத்திரி என்றால் சுற்றுலா வண்டிகள் வரிசையாக மேலே ஏறிக்கொண்டிருக்கும். லோடு வண்டி ஒவ்வொரு வளைவிலும் ஒதுங்கி ஒதுங்கி, டம்டம் பாறை தாண்டி மலையடிவாரக் காட்ரோடு சேருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அன்றைக்குப் பார்த்து வாடகை வண்டி வேறு சவாரிக்குப் போயிருந்தால் அடுத்த சந்தை வரை சரக்கு வீட்டுத் திண்ணையில் கிடக்கும். இதற்காகத்தான் நாலு சக்கரமும் இழுக்கிற பிக்கப் ஒன்றைச் சொந்தமாக வாங்க முடிவு செய்தேன்.

அந்த மாடல் ஷோரூமில் நிற்காதாம். கேட்கிற ஆள் குறைவு, அதனால் தொழிற்சாலைக்கு ஆர்டர் போட்டுத்தான் வரவழைக்க வேண்டும் என்றார்கள். 2025 ஆனி மாதம் முன்பணம் கட்டினேன். "ஆடி கழியட்டும் சார், ஆவணி முதல் முகூர்த்தத்துல சாவி உங்க கையில" என்றார் விற்பனைத் தம்பி. ஆவணியும் போனது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தத் தாமதத்தால் எனக்கு லாபம்தான். சரக்கு வாகனங்களுக்கான ஜி.எஸ்.டி. செப்டம்பர் 22-ஆம் தேதி முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. வரி, புக் செய்த நாளைப் பார்த்துப் போடுவதல்ல; பில் போடும் நாளைப் பார்த்துப் போடுவது. ஆவணியில் வண்டி வந்திருந்தால் கூடுதல் வரியைக் கட்டிவிட்டு வயிறெரிந்திருப்பேன். ஆனால் வரி குறைந்ததும் ஷோரூமில் கூட்டம் அள்ளியது. ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும், எனக்குப் பின்னால் வந்தவர்கள் தயாராக நின்ற வண்டிகளுக்கு மாலை போட்டு ஓட்டிக்கொண்டு போனார்கள். வேகமாக விற்கிற மாடலைத் தயாரித்துத் தள்ளும் நேரத்தில் என்னைப் போன்றவர்களின் நாலு வண்டிக்காக எந்தத் தொழிற்சாலை வரிசையை மாற்றப்போகிறது? இது என் ஊகம்தான். ஷோரூமில் கேட்டால் "புரொடக்‌ஷன் பிளான்ல வந்துடும் சார்" என்பதோடு சரி.

வலிக்கிற இடம் கடன். பண்டிகை நேரத்தில், "பேங்க் பணம் வந்துட்டா உங்க பேரை முன்னால தள்ளிடலாம்" என்றார்கள். கொட்டேஷனை வைத்துக்கொண்டு வங்கியும் பணத்தை ஷோரூம் கணக்குக்கு அனுப்பிவிட்டது. பேர் முன்னால் போனதா என்று தெரியாது. தவணை மட்டும் ஐப்பசியிலேயே வந்துவிட்டது. அப்போது கடன் பத்திரத்தில் எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர் கட்டங்கள் காலி. அடமானமாக எழுதிக்கொள்ள வண்டி என்ற பொருளே பிறந்திருக்கவில்லை, வட்டிக்கு வயதாகிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் தவணை, இன்னொரு பக்கம் பழையபடி குதிரைக்கூலியும் வாடகையும்.

கடன் ஒப்புதலான நாளிலிருந்தோ கையெழுத்தான நாளிலிருந்தோ வட்டி போடக் கூடாது, பணம் உண்மையில் போய்ச் சேர்ந்த நாளிலிருந்துதான் போட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரலில் சுற்றறிக்கை விட்டது. நல்ல உத்தரவு. எனக்கு உதவவில்லை. பணம்தான் போய்ச் சேர்ந்துவிட்டதே, டீலர் கைக்கு! சேஸிஸ் நம்பர் எழுதிய பில் வந்தால்தான் வாகனக் கடன் பணத்தை விடுவிக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் என்ன? வங்கிக்கும் அதுதானே பாதுகாப்பு?

மதுரையில் வேறொரு ஷோரூமில் கணக்குப் பார்க்கும் என் மச்சினன் ஒரு விஷயம் சொன்னான். "மாமா, உங்க கையில இருக்கிறது ரசீது நம்பர். கம்பெனி ஆர்டர் நம்பர் வாங்கினீங்களா?" ரசீது, ஷோரூம் பணம் வாங்கியதற்கு அத்தாட்சி. அவர்கள் கம்பெனியின் கம்ப்யூட்டரில் நம் பெயருக்கு ஆர்டர் ஏற்றினால்தான் தொழிற்சாலைக்கு நாம் ஒரு ஆள். முன்பணத்தை வாங்கிப் போட்டுவிட்டு ஆர்டரைத் தள்ளிப்போடுகிற இடங்களும் உண்டாம். அன்றிலிருந்து ஷோரூமில் ஆர்டர் நம்பர் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கிடைப்பது டீதான்.

கோபத்தில் நுகர்வோர் கோர்ட் என்று வாய்விட்டேன். "கமர்ஷியல் வண்டிக்கு அது செல்லாது சார்" என்று சிரித்தார் மேலாளர். இதை நம்பித்தான் பலபேர் பேசாமல் திரும்பிவிடுகிறார்கள், அதனால் கொஞ்சம் விளக்கியே எழுதுகிறேன். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்காக வாங்குபவரை விலக்குகிறது, வாஸ்தவம். ஆனால் சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கு மட்டுமே ஒரு பொருளை வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. ஒற்றை வண்டி வாங்கித் தானே ஓட்டித் தன் காய்கறியை ஏற்றுகிற விவசாயி அதைக் காட்டித் தாராளமாக வாதாடலாம். கொடுத்த தொகை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். ஷோரூம் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், எங்களுக்குத் திண்டுக்கல். ஆன்லைனிலும் மனு கொடுக்கலாம், வீடியோவில் விசாரணை கேட்கவும் சட்டத்தில் இடமிருக்கிறது. அதற்கு முன்னால் 1915 என்ற உதவி எண்ணில் ஒரு புகாரைப் பதிந்து வைப்பது நல்லது. மன்னவனூரில் சிக்னல் கிடைக்கும் இடமாகப் பார்த்து நின்று பேச வேண்டும், அவ்வளவுதான்.

மார்கழி பிறந்த பிறகு போன் வந்தது, வண்டி தயாராம். சந்தோஷப்படுவதற்குள் அடுத்த சிக்கல். மார்கழியில் புது வண்டியை வாசலில் ஏற்ற அம்மா சம்மதிக்க மாட்டார், தையில்தான் எடுக்க முடியும். தையில் எடுத்தால் பதிவு 2026, தயாரிப்பு 2025. விற்பனைச் சான்றான படிவம் 21-இலும் ஆர்.சி.யிலும் தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும். நாளைக்கு விற்கப்போனால் புரோக்கர் முதலில் பார்ப்பது அதைத்தான், வண்டிக்கு ஒரு வயசு கூட என்று விலையை இறக்குவார். இதற்கிடையில் ஜனவரியில் விலை ஏறலாம் என்கிறார் அதே தம்பி. புக்கிங் படிவத்தின் பின்பக்கம், டெலிவரி நாளில் உள்ள விலையே பொருந்தும், தாமதத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்று எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் இருக்கிறது. போன வருடத்து வண்டி, இந்த வருடத்து விலை. அம்மாவின் மார்கழிக்கு நான் பொறுப்பு, சரி. ஆவணி என்று சொன்ன வாக்குக்கு யார் பொறுப்பு?

புக்கிங் அன்றே கம்பெனி ஆர்டர் நம்பரும் எந்த மாதம் வண்டி என்பதும் கையெழுத்தோடு எழுதித் தர வேண்டும். அந்த மாதம் தாண்டினால் கட்டிய பணத்துக்கு வட்டி தர வேண்டும், இல்லையென்றால் பிடித்தமில்லாமல் திருப்பித் தர வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான். விற்பனைக் கணக்கைப் போடும்போது காத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்றும் கம்பெனிகளிடம் ஒரு வார்த்தை உங்கள் நிருபர்கள் கேட்கலாம்.

எனக்குத் தை முதல் வாரம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஐப்பசியில் ஊன்றிய பூண்டு மாசிக் கடைசியில் பிடுங்க வந்துவிடும். அதற்குள் வண்டி வராவிட்டால் திண்டுக்கல்லில் கொடுக்க வேண்டிய மனுவுக்கு ரசீது, தவணைக் கணக்கு, குதிரைக்கூலிச் சீட்டு எல்லாம் நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பூண்டு விவசாயி ஒருவர்,
மன்னவனூர், கொடைக்கானல் மேல்மலை.