அந்த விக் வேண்டாம்: நம் மாணவர் மன்ற நடனக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

போன வருடக் கலைவிழாவில் நீங்கள் போட்ட நடன நாடகத்தை மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். நம் ஊர்ப் பையன் ஒருவன் அமெரிக்கக் கல்லூரிக்கு வருகிறான், கையாலும் காலாலும் தட்டித் தாளம் எழுப்பி ஆடும் கறுப்பின மாணவர்களின் ஸ்டெப் குழுவில் சேர்கிறான், ஒரே மாதத்தில் அவர்களுக்கே ஆட்டம் சொல்லிக்கொடுத்துப் போட்டியில் ஜெயிக்கிறான். நன்றாகத்தான் ஆடினீர்கள். பத்துப் பேரும் சேர்ந்து குதிகாலால் தரையை அடித்து, தொடையில் தட்டி, தூக்கிய காலுக்கு அடியில் கை தட்டியபோது என் நாற்காலி அதிர்ந்தது. முன் வரிசையில் இருந்த கறுப்பினப் பெண் ஒருத்தியும் தாளம் தப்பாமல் கை தட்டிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் ஒரு தம்பி சடைமுடி விக் மாட்டிக்கொண்டு, குரலை மாற்றி, கறுப்பினத்தவர் பேசுவது போலப் பேசிக்கொண்டு வந்தான். அரங்கமே சிரித்தது. அந்தப் பெண் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். இடைவேளைக்குப் பிறகு அவள் நாற்காலி காலியாக இருந்தது.

இந்த வருடமும் அதே நாடகம் என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

1739இல் தென் கரோலினாவில், ஸ்டோனோ ஆற்றுப் பக்கம், அடிமைகளாக இருந்தவர்கள் முரசு கொட்டிக்கொண்டு கிளர்ந்து எழுந்தார்கள். மறு வருடமே வந்த சட்டம் அவர்கள் முரசு வைத்திருப்பதைத் தடை செய்தது. கையும் தொடையும் மார்பும் தரையும்தான் மிச்சம். அவற்றில் தட்டித் தட்டியே தாளத்தைக் காப்பாற்றினார்கள். ஸ்டெப்பிங்கின் வேர்களில் அதுவும் ஒன்று. வெள்ளை மாணவர் சங்கங்கள் கதவைச் சாத்தியபோது கறுப்பின மாணவர்கள் தங்களுக்கென்று சங்கங்கள் தொடங்கினார்கள். 1906இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா, 1908இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா. இப்படிப்பட்ட சங்கங்கள் வளர்த்த ஆட்டம்தான் இது. கமலா ஹாரிஸ் ஹோவர்டில் படித்தபோது சேர்ந்தது அந்த இரண்டாவது சங்கத்தில். அவருடைய தாத்தா ஊரான துளசேந்திரபுரத்தில் பேனர் கட்டியதைப் பார்த்து நாம் எல்லோரும் பூரித்தோமே!

பிறர் ஆடவே கூடாதா என்று கேட்பீர்கள். 2010இல் அட்லாண்டாவில் நடந்த பெரிய ஸ்டெப் போட்டியில் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தின் வெள்ளை மாணவிகள் முதல் பரிசு வாங்கினார்கள். பெரிய சர்ச்சை. மதிப்பெண்ணில் குளறுபடி என்று சொல்லி, சில நாளில் இந்தியானா பல்கலைக்கழகக் கறுப்பின மாணவிகளையும் முதலிடத்தில் சேர்த்தார்கள். ஆர்கன்சா பெண்கள் செய்தது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். யாரையும் நையாண்டி செய்யாமல், தாங்களாகவே நின்று ஆடினார்கள். யாரும் கற்றுக்கொண்டு ஆடலாம் என்பதுதான் என் கட்சி.

விக் வேறு விஷயம். 1830களில் இந்த நாட்டில் வெள்ளை நடிகர்கள் முகத்தில் கரி பூசி, கறுப்பினத்தவரின் நடையையும் பேச்சையும் காட்டிச் சிரிக்கவைத்தே சம்பாதித்தார்கள். அப்படி ஒரு பாத்திரத்தின் பெயர் ஜிம் க்ரோ. பிற்பாடு நிறவெறிச் சட்டங்களுக்கே அந்தப் பெயர் வந்தது. உங்கள் மேடையில் கேட்டதும் அதே சிரிப்புதான். உங்களுக்கு அது தெரியாது, அந்தப் பெண்ணுக்குத் தெரியும்.

பறையை நினைத்துப் பாருங்கள். அடித்தவர்களை ஊர் ஒதுக்கியே வைத்திருந்தது. இன்று இங்குள்ள தமிழ்ச் சங்க மேடைகளில் பெருமையோடு அடிக்கிறோம். ஒருவன் அந்த மக்களின் பேச்சைக் கேலி செய்தபடி பறை அடித்தால் உட்கார்ந்து பார்ப்பீர்களா?

நாடகத்தை நிறுத்தச் சொல்லவில்லை. நகைச்சுவையும் இருக்கட்டும். நாலு வீடியோ பார்த்துவிட்டு எல்லாம் தெரிந்ததாக நினைக்கும் நம் பையனைப் பார்த்துச் சிரிப்போம், அதில் எவ்வளவோ இடம் இருக்கிறது. அவன் தோற்கட்டும், உட்கார்ந்து கற்றுக்கொள்ளட்டும். வளாகத்திலேயே ஸ்டெப் குழு இருக்கிறது. இப்போதே போய்ப் பேசுங்கள், கதையைக் காட்டுங்கள், சொல்லிக்கொடுக்க வருகிறார்களா என்று கேளுங்கள். வந்தால் சும்மா அனுப்பாதீர்கள், டிக்கெட் பணத்தில் பங்கு கொடுங்கள். அழைப்பிதழில் அவர்கள் பெயர் நம் பெயருக்குப் பக்கத்திலேயே வரட்டும்.

அந்தப் பங்குக்கு முதல் நூறு டாலர் நான் தருகிறேன். ஒத்திகை எந்தச் சனிக்கிழமை என்று சொல்லுங்கள், வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
இதே மன்றத்தில் உங்களுக்கு முன் ஆடிய ஒரு அக்கா