பட்டை சேர்த்தால் மட்டும் போதுமா, அப்பா?

கால்கரி, கனடா
ஜூன் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நான், கவி, பாப்பா எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தடவுவதோடு விட்டுவிடாமல் ஒருமுறை டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

போன் விட்டு விட்டுக் கேட்டதில் வண்டிப் பேச்சு பாதியில் நின்றுபோனது. "பின் ஸ்பிரிங்குல இன்னும் ரெண்டு இரும்புப் பட்டை சேர்த்துப் போடு, எல்லாம் தாங்கும்" என்று நீங்கள் சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். நாமக்கல்லில் முப்பது வருடம் லாரி வைத்திருந்தவருக்குப் பட்டையைப் பற்றி எழுதுகிறேனே என்று கவி சிரிக்கிறாள்.

வண்டி 2004 மாடல் செவர்லே சில்வராடோ 2500 எச்.டி. ஆறு லிட்டர் பெட்ரோல் இன்ஜின், நாலு சக்கரமும் இழுக்கும். பின்னால் ஒற்றை டயர்தான், அதனால் நீங்கள் இதை லாரிக் கணக்கில் சேர்க்க மாட்டீர்கள். இந்த ஊரில் இதை ஓட்டிக்கொண்டு பால் வாங்கப் போகிறார்கள். இதன் முதுகில் கேம்பர் ஏற்றப் போகிறோம் என்றதும் அம்மா, "வீட்டையா தூக்கிட்டுப் போறீங்க?" என்று கேட்டாளே, அதேதான். தொட்டி மாதிரியான பின்பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துகொள்ளும் சின்ன அறை அது. டிரைவர் தலைக்கு மேலே கட்டில், உள்ளே இரண்டு பர்னர் அடுப்பு, கேஸில் ஓடுகிற சின்ன ஃபிரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டு. இட்லிப் பானை வைக்க இடம் இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லுங்கள். ஆனால் சாப்பாட்டை வெளியே வைத்துவிட்டுத் தூங்க முடியாது. இந்த மலைப்பக்கம் முழுக்கக் கரடி. கேம்ப் போடும் இடத்தில் எச்சில் தட்டு ஒன்று கிடந்தால்கூட அபராதம் போடுவார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர். மொத்த எடை 9,200 பவுண்டுக்கு மேல் போகக்கூடாது, பின் ஆக்சிலில் 6,084 பவுண்டு என்று போட்டிருக்கிறது. நம் கணக்கில் 4,173 கிலோ, 2,760 கிலோ. அந்த 6,084 என்ற எண் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ரவுண்டாக 6,000 என்று போடாமல் இதென்ன 84? அப்புறம் குனிந்து டயரைப் பார்த்தேன். கம்பெனியிலிருந்து வந்த அளவு 245/75, பதினாறு இஞ்சு. 80 பவுண்டு காற்றில் ஒரு டயர் தாங்குவது 3,042 பவுண்டு என்று பக்கவாட்டில் அச்சடித்திருக்கிறது. அதை இரண்டால் பெருக்கிப் பாருங்கள். பின்பக்கத்து அளவை முடிவு செய்திருப்பது பட்டையே இல்லை அப்பா, டயர். நீங்கள் சொன்னபடி இரண்டு பட்டை சேர்த்திருந்தால் வண்டி நிமிர்ந்து நிற்கும், பார்க்கிறவர்களுக்கும் நன்றாக இருக்கும், டயர் மட்டும் உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கும்.

அதற்காக ஸ்பிரிங்கில் கை வைக்காமல் இருக்க முடியாது. கேம்பரை ஏற்றியதும் பின்பக்கம் உட்கார்ந்துபோய் ஹெட்லைட் மரத்தைப் பார்க்கிறது. இங்கே ஒரு கடையில் விசாரித்தபோது, ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காற்றடிக்கும் ரப்பர் பை, அதாவது ஏர் பேக் போட்டால் இன்னும் ஆயிரம் பவுண்டு தாராளமாக ஏற்றலாம் என்று கூசாமல் சொன்னார்கள். ஏர் பேக்கோ பட்டையோ எதைப் போட்டாலும் கதவுத் தூணில் இருக்கும் எண் மாறாது. நம்மூரில் 2018-இல் நாலு டயர் ஆக்சிலுக்கு 10.2 டன்னை 11.5 டன்னாக அரசாங்கம் உயர்த்தியது நினைவிருக்கும். அன்றைக்கு ஒருவரும் பட்டையைத் தொடவில்லை, காகிதத்தில் எடை கூடியது. இங்கே காகிதத்தை மாற்ற எனக்கு வழி கிடையாது. அதனால் முதலில் எடை குறைந்த கேம்பராகப் பார்த்து வாங்கினேன், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பட்டை சேர்க்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கேம்பர் வருடம் முழுக்க வண்டிமேல் இருக்கப்போவதில்லை. குளிர்காலத்தில் அதற்கே உள்ள நாலு கால்களை இறக்கி வீட்டோரமாக நிறுத்திவிடுவோம். வெறும் வண்டியில் கூடுதல் பட்டை இருந்தால், பனிச் சாலையில் பின்பக்கம் குதித்துக்கொண்டே போகும். காலி லாரியை மழையில் ஓட்டிய உங்களுக்கு அது தெரியாததா? ஏர் பேக் என்றால் லோடு இருக்கும்போது காற்றைக் கூட்டி, இறக்கியதும் ஐந்து பவுண்டுக்குக் குறைத்துவிடலாம். சேசிசுக்கும் ஆக்சிலுக்கும் நடுவே பக்கத்துக்கு ஒன்று. இரண்டுக்கும் தனித்தனிக் குழாய் இழுத்தேன். ஒரே குழாயில் இணைத்தால் வளைவில் ஒரு பக்கத்துக் காற்று மறுபக்கம் ஓடி, வண்டி இன்னும் சாயும். தவிர, ஃபிரிட்ஜும் கேஸ் சிலிண்டரும் ஒரே பக்கம் இருப்பதால் அந்தப் பக்கத்துக்குக் கொஞ்சம் அதிகக் காற்று வேண்டும்.

வேலையெல்லாம் வீட்டு வாசலில் நானே செய்ததுதான். கடைக்குப் போனால் கூலி சாமானைவிட அதிகம். பழைய ஷாக் அப்சார்பரைக் கழற்றியதுதான் பெரும்பாடு. குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு கீழ் போல்ட்டை, அது நுழையும் புஷ் என்ற உள் குழாயோடு ஒட்டவைத்துவிட்டது. இரவு முழுக்க எண்ணெயில் ஊறவிட்டேன், காலையில் நட் மட்டும் வந்தது. நெருப்புக் காட்டிச் சுத்தியால் தட்டினால், போல்ட் புஷ் இரண்டும் சேர்ந்து சுற்றுகின்றன, வெளியே வருவேனா என்கின்றன. கடைசியில் பக்கத்து வீட்டுப் பெரியவர் கட்டிங் மெஷினை எடுத்துவந்து இரண்டு பக்கமும் அறுத்துத் தள்ளினார். எண்ணெய்க் கிணறுகளில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டுமாம், எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

வண்டி பக்கவாட்டில் சாயாமல் பிடிக்கும் கம்பியான ஸ்வே பார் பின்பக்கம் இல்லாத வண்டி இது, அதையும் வாங்கிப் போட்டேன். டயரை 265 அளவுக்கு மாற்றினேன், ஒன்று 3,415 பவுண்டு தாங்கும். அதனால் ஸ்டிக்கர் மாறாது என்றாலும், பின்பக்கம் ஸ்டிக்கர் அளவுக்கு முழுக்க ஏற்றினால் பழைய டயர் அதன் எல்லையில் ஓடும், இது எல்லைக்குள் ஓடும். கேம்பரைப் பிடித்திழுக்கும் நாலு கொக்கிகளையும் பாடித் தகரத்தில் மாட்டாமல் சேசிசில் மாட்டினேன். அடியில் ரப்பர் பாய்.

பிறகு தண்ணீர், கேஸ், அரிசி மூட்டை, நாங்கள் மூவர் எல்லோரும் ஏறி, நெடுஞ்சாலையோர லாரி நிறுத்தத்தில் எடை மேடைக்குப் போனோம். முன் ஆக்சில், பின் ஆக்சில் தனித்தனியாகக் காட்டும் மேடை. மொத்தம் 9,020, பின்பக்கம் 5,240. சீட்டை உங்களுக்காக எடுத்துவைத்திருக்கிறேன். சொந்த உபயோகத்துக்கு ஓட்டுகிறவர்களைப் பெரும்பாலும் யாரும் நிறுத்தி எடை பார்ப்பதில்லை, அதனால் பலர் இந்த மேடைப் பக்கமே வருவதில்லை. சாலையில் பின்பக்கம் தரையைத் தடவிக்கொண்டு போகும் கேம்பர்களைப் பார்த்தால் உங்களுக்குக் கரூர் பைபாஸ் நினைவு வரும்.

முதல் ஓட்டம் தெற்கே பின்சர் க்ரீக் வரை. ஆரல்வாய்மொழி மாதிரி வழியெல்லாம் காற்றாலை, அங்கே எப்படிக் காற்றடிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கவாட்டில் அறைந்தபோது வண்டி ஒருமுறை சாய்ந்து உடனே நிமிர்ந்தது, இரண்டாம் ஆட்டம் இல்லை. பாப்பா கடைசிவரை தூங்கிக்கொண்டே வந்தாள். அடுத்தது ஹைவுட் கணவாய், 2,206 மீட்டர். கனடாவில் தார் போட்ட சாலைகளில் அதுதான் மிக உயரமாம். டிசம்பரில் பூட்டினால் ஜூன் பாதியில்தான் திறப்பார்கள். அதற்குத்தான் காத்திருக்கிறோம்.

ஒன்று மட்டும் நீங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். பட்டையின் பின்முனையைச் சேசிசோடு இணைக்கும் ஷாக்கிளில் துரு செதில் செதிலாக வருகிறது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்த பிறகு எடுத்த படங்களை வாட்ஸப்பில் தம்பிக்கு அனுப்பியிருக்கிறேன். வலப் பக்க புஷ்ஷில் ஒரு வெடிப்பு தெரிகிறது. இந்தக் கோடைக்குத் தாங்குமா, இல்லை கணவாய்க்குப் போகும் முன்பே மாற்றிவிடட்டுமா? புஷ்ஷை மட்டும் மாற்றினால் போதுமா, ஷாக்கிளோடு மாற்ற வேண்டுமா என்பதையும் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்